கரையை விட்டு இறங்குங்கள்: விழுப்புரம், திண்டிவனம் ஏரிகளில் பறவைப் படம்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் ஏரிக்குப் போய் எடுத்துவரும் முதல் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பத்து மணி வெயிலில் கரைமேல் நின்று, கீழே தண்ணீரில் நிற்கும் கொக்கை எடுத்திருப்பார்கள். படத்தின் நட்டநடுவில் கொக்கு சின்னதாக நிற்கும். இறகின் வரி ஒன்றும் தெரியாமல் உடம்பு முழுக்க வெளுத்துப் போயிருக்கும். பின்னால் கலங்கல் தண்ணீர். வீட்டில் வந்து பார்த்ததும் "லென்ஸ் போதவில்லை" என்று முடிவு கட்டி, பெரிய லென்ஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தப் பணத்தை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டுவையுங்கள். நின்ற இடம், போன நேரம், கேமராவில் செய்யத் தவறிய ஒரு சிறு திருத்தம், இந்த மூன்றும்தான் அந்தப் படத்தைக் கெடுத்தவை. 600 மி.மீ. லென்ஸோடு கரைமேல் நின்றால் அதே மோசமான படம் இன்னும் பெரிதாக வரும். 250 அல்லது 300 மி.மீ. வரை போகும் சாதாரண ஜூம் லென்ஸோடு தண்ணீர் ஓரம் இறங்கி உட்கார்ந்தவர் நல்ல படத்தோடு திரும்புவார்.

காட்டுயிர்ப் படம் என்றதும் முதுமலை, டாப்சிலிப் என்று மனம் போகும். போகலாம், ஆனால் அடுத்த வருடம் போகலாம். சஃபாரி வண்டியில் ஒன்றரை மணி நேரம் போனால் ஒரு மான் கூட்டம் கண்ணில் பட்டாலே பெரிது. கை பழக அது போதாது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே எந்தத் திசையில் போனாலும் ஓர் ஏரி வரும். ஏரியில் கொக்கு இல்லாத நாளே கிடையாது. ஒரே காலையில் நூறு முறை தவறு செய்து நூறு முறை திருத்திக்கொள்ள அங்கேதான் முடியும்.

உங்கள் ஏரியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பருவம் முழுக்க ஒரே ஏரிக்குப் போங்கள். வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் சேரக்கூடியதாக இருக்க வேண்டும். தூரமானால் காலையில் எழுந்திருக்க மாட்டீர்கள். திண்டிவனத்துக்காரருக்குக் கிடங்கல் பக்கம், விழுப்புரத்துக்காரருக்கு ஊரைச் சுற்றியுள்ள ஏரிகள், நடுவில் இருப்பவருக்கு வீடூர் அணையின் நீர்ப்பரப்பு, வானூர்ப் பக்கத்தவருக்கு ஊசுட்டேரி. ஊசுட்டேரி புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவானது, இரண்டு பக்கமும் பறவைகள் சரணாலயம். அங்கே போவதானால் சரணாலய விதிகள் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏரியின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். மேற்கே உள்வாய், அதாவது தண்ணீர் வந்து சேரும் மேடான, ஆழமில்லாத பகுதி. இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது.

காலையில் கிழக்குக் கரையின் உள்சரிவில் இறங்கி மேற்கே பார்த்து உட்கார்ந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவையின் முகத்தில் வெளிச்சம் நேராக விழும். கரையோரம் தண்ணீர் ஆழம் என்பதால் நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி போன்றவை இங்கே கிடைக்கும்.

மாலையில் அதே இடத்தில் உட்கார்ந்தால் சூரியன் கண்ணில் குத்தும், பறவை கறுப்பு உருவமாகத் தெரியும். மாலைக்கு உள்வாய்ப் பக்கம் போய்க் கிழக்கே பாருங்கள். அங்கே கரையே கிடையாது, நிலமும் தண்ணீரும் ஒரே மட்டம். கொக்கு, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், உள்ளான் எல்லாம் இந்த ஆழமில்லாத பக்கத்தில்தான் மேயும்.

எல்லா ஏரியும் இந்தக் கணக்கில் அடங்காது. முதல் நாள் கேமரா இல்லாமல் போய், சூரியன் எங்கே எழுகிறது, எங்கே விழுகிறது, கரை எந்தப் பக்கம், மதகு எங்கே, உபரிநீர் வழியும் கலங்கல் எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

குறிப்பு: ஏரி நிரம்பியிருக்கும் கார்த்திகை, மார்கழியில் ஏரி அழகாக இருக்கும், பறவை தூரத்தில் இருக்கும். தை முடிந்து தண்ணீர் வற்ற வற்ற, மீனும் பறவையும் ஓரிடத்தில் நெருங்கும். மாசி, பங்குனியில் பாதி வற்றிய ஏரிதான் புதியவருக்குப் பொன்னான இடம்.

கேமராவை அமைத்தல்

முந்தின இரவே செய்து முடிக்க வேண்டியது. இருட்டில் ஏரிக்கரையில் மெனுவைத் துழாவிக்கொண்டிருக்கக் கூடாது.

1. பேட்டரி சார்ஜ், காலியான கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி.
2. டயலை ஷட்டர் பிரையாரிட்டியில் வையுங்கள். 'எஸ்' என்றோ 'டிவி' என்றோ இருக்கும். வேகம் 1/1000 நொடி. நிற்கும் பறவைக்கு 1/500 போதும், நடந்து மேயும் பறவைக்கு 1/1000, பறக்கும் நாரை, கூழைக்கடாவுக்கு 1/1600, ஆலா போல வேகமாகச் சிறகடிக்கும் சின்னப் பறவைக்கு 1/2500.
3. ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, உச்ச வரம்பு 3200. விடியலில் மட்டும் 6400 வரை விடலாம். படத்தில் புள்ளி புள்ளியாக வந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆடிப்போன படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது.
4. ஃபோகஸ் தொடர் முறையில். கேனானில் 'ஏஐ சர்வோ' அல்லது 'சர்வோ', நிக்கான், சோனியில் 'ஏஎஃப்-சி'. ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று. புதிய கேமராவில் பறவைக் கண் அறியும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.
5. தொடர் படப்பிடிப்பு முறை.
6. படம் 'ரா' வடிவில். இடம் பிடிக்கும், பரவாயில்லை. வெள்ளைக் கொக்கின் இறகை மீட்க அது வேண்டும்.
7. அளவுக்கு மீறி வெளுத்த இடத்தை மினுக்கிக் காட்டும் 'ஹைலைட்' எச்சரிக்கையை இயக்குங்கள்.

முக்காலி வேண்டாம். ஏரிக்கரைச் சரிவில் அது நிற்காது, தாழ உட்காரவும் விடாது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு முனையும் தைத்து, புளியங்கொட்டை நிரப்புங்கள். அதைத் தரையில் வைத்து அதன்மேல் லென்ஸை வைத்தால் ஆடாது. கார் கண்ணாடி விளிம்பிலும் வைக்கலாம். உட்கார ஒரு கோணி அல்லது தார்ப்பாய்த் துண்டு. உடை மண் நிறத்தில், முழுக்கையோடு. செல்போன் ஒலி அணைத்து.

காலை இரண்டு மணி நேரம்

1. சூரியன் எழ அரைமணி முன்பே போய்ச் சேருங்கள். தை மாதம் இங்கே உதயம் ஏறக்குறைய ஆறரைக்கு. ஆறு மணிக்கு நீங்கள் கரையில் இருக்க வேண்டும்.

2. வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்கள். கரைமேல் பைக் ஓட்டிப்போனால் வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் ஏரி முழுவதற்கும் தெரியும். எல்லாம் அக்கரைக்குப் போய்விடும்.

3. பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் பாருங்கள். புதியவர்கள் இதைத்தான் தவறாமல் தவறவிடுகிறார்கள். எந்தப் பறவை எங்கே மேய்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது, மீன்கொத்தி எந்தக் கொம்புக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். தண்ணீரோரம் மேயும் கொக்கு ஒரே திசையில் நடந்துகொண்டே போகும். கம்பியில் உட்காரும் பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்கு வரும்.

4. பறவை இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள், வரப்போகும் இடத்துக்குப் போங்கள். கொக்கு தெற்கே நகர்ந்தால் அதற்குத் தெற்கே, நல்ல தூரம் தள்ளிப் போய் உட்காருங்கள். அதுவே மேய்ந்தபடி உங்களிடம் வரும். நீங்கள் துரத்தி நெருங்கும் தூரத்தைவிட அது தானாக வரும் தூரம் எப்போதும் குறைவு.

5. தாழ உட்காருங்கள். முடிந்தால் கோணியில் குப்புறப் படுங்கள். கேமரா பறவையின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மேலிருந்து எடுத்தால் கொக்குக்குப் பின்னால் தெரிவது இரண்டடி தள்ளியிருக்கும் தண்ணீர், அது கூர்மையாகத் தெரிந்து கண்ணை இழுக்கும். தாழ்ந்து எடுத்தால் பின்னால் தெரிவது முந்நூறு அடிக்கு அப்பால் இருக்கும் அக்கரை, அது பச்சையாகக் கரைந்துபோகும். லட்சக்கணக்கில் விலையுள்ள லென்ஸ் தரும் பின்னணியில் பாதியை உங்கள் முழங்காலே தந்துவிடும்.

6. நெருங்கியே ஆக வேண்டுமென்றால் நேராக நடக்காதீர்கள். பக்கவாட்டில் போவதுபோல் கோணலாக, ஐந்தடிக்கு ஒருமுறை நின்று. பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் நீங்களும் நில்லுங்கள். மறுபடி மேயத் தொடங்கினால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள். உடலைத் தாழ்த்தி முன்னால் சாய்ந்தால் பறக்கப்போகிறது, அப்போது இரண்டடி பின்வாங்குங்கள்.

7. ஃபோகஸ் கண்ணில். கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கினாலும் படம் நிற்கும். கண் மங்கினால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. தலை உங்கள் பக்கம் சற்றே திரும்பும்போது, கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும்போது அழுத்துங்கள். ஒரு தடவைக்கு மூன்று, நான்கு படம். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கேமரா தன் நினைவகம் நிரம்பி, மீன் வாயில் அகப்படும் நொடியில் நின்றுபோகும்.

9. பறவை பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள். தண்ணீரில் பிரதிபலிப்பு இருந்தால் அதையும் முழுதாகச் சேருங்கள். கால், வால், நிழல் எதையும் பாதியில் வெட்டாதீர்கள்.

10. எட்டரை மணி வாக்கில் நிழல் குறுகிக் கடுமையாகும். தண்ணீர்ப் பரப்பின்மேல் கானல் அலையத் தொடங்கும். அதற்குப் பின் தூரத்துப் பறவைக்கு எந்த லென்ஸிலும் கூர்மை வராது. ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று பலர் கேமராவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இந்தக் கானலால்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.

முதல் பறவையாக மடையானை எடுங்கள். ஊரில் குருட்டுக்கொக்கு என்பார்கள். அசையாமல் வெகுநேரம் நிற்கும், மண் நிறம் என்பதால் வெளுத்துப் போகாது, ஆள் நெருங்குவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அது கைவந்தபின் வெள்ளைக் கொக்குக்குப் போங்கள்.

குறிப்பு: நடவுக்கு முன் டிராக்டர் சேற்றுழவு ஓட்டும்போது உண்ணிக்கொக்கும் மைனாவும் சக்கரத்தின் பின்னாலேயே வரும். ஆள் பயமே இருக்காது. வரப்பில் உட்கார்ந்து கிட்டத்தில் எடுக்கலாம். நிலத்துக்காரரிடம், "அண்ணே, ஓரமா உக்காந்து பறவ படம் எடுத்துக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடமும் அப்படியே. கேட்டால் மறுப்பவர் குறைவு. எந்த மூலையில் எந்த நேரம் பறவை இறங்கும் என்று அவரே சொல்வார்.

வெள்ளைக் கொக்கு, கறுப்புக் கரிச்சான்

முன்னே சொன்ன சிறு திருத்தம் இதுதான். கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. இருண்ட தண்ணீரில் சின்ன வெள்ளைக் கொக்கு நின்றால், அது தண்ணீரை அளந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு வெளுக்கும். பளீரென்ற வானத்தின் முன் கரிச்சான் உட்கார்ந்தால், வானத்தை அளந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கரிச்சான் வெறும் நிழலாகும்.

இதைச் சரிசெய்யக் கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்பது அதுதான்.

1. இருண்ட பின்னணியில் வெள்ளைப் பறவை: மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை.
2. வானத்தின் முன் பறக்கும் பருந்து, நீர்க்காகம்: பிளஸ் 1 முதல் பிளஸ் 1.3 வரை.
3. வெள்ளைப் பறவை படச் சட்டம் முழுக்க நிறைந்தால் கணக்கு மாறும். அப்போது பூஜ்யம், சில சமயம் பிளஸ் 0.3.
4. ஒரு படம் எடுத்துத் திரையைப் பாருங்கள். கொக்கின் முதுகு மினுக்கினால் இன்னும் குறையுங்கள். மினுக்கல் நின்றதும் அந்த அளவிலேயே எடுங்கள்.
5. இடம் மாறும்போது மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பறப்பதை எடுத்தல்

பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். காற்று உங்கள் முதுகில் படும்படி உட்கார்ந்தால் இறங்கும் பறவை உங்களை நோக்கி வரும். சூரியனும் முதுகுப் பக்கம் இருந்தால் அன்று உங்கள் நாள்.

பெரிதாக, மெதுவாகப் பறப்பதில் தொடங்குங்கள்: நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா. தூரத்தில் வரும்போதே ஜூமைக் குறைத்து வைத்துப் பறவையைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி அதனோடு கேமராவைச் சீராக நகர்த்துங்கள். ஃபோகஸ் பிடித்த பின் ஜூம் செய்யலாம். இறக்கையை வெட்டுவதைவிடச் சுற்றிலும் இடம் விடுவது மேல். மீன்கொத்தி பாயும் படம் இப்போதைக்கு வேண்டாம். அது கொம்பில் மீனோடு திரும்பி வந்து உட்கார்வதை எடுங்கள், அதே அளவு நல்ல படம், பத்து மடங்கு எளிது.

கலங்கலில் தண்ணீர் வழிந்து ஏரி கோடி போகும் நாட்களில் மீன் எதிர்நீச்சல் போடும். கொக்குகள் வரிசையாக வந்து நிற்கும். பாய்ச்சல், கவ்வல், பிடுங்கல் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். ஆனால் கலங்கல் கட்டின்மேல் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், கீழே இழுப்பு இருக்கும். பக்கத்துச் சரிவிலிருந்து எடுப்பதே போதும்.

கழுவேலியும் மரக்காணம் உப்பளமும்

உங்கள் ஏரியில் கை தெளிந்தபின் போக வேண்டிய இடம் கழுவேலி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்துகிடக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். 2024 ஆகஸ்டில் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் இதுவும் ஒன்று. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் வாத்தும் உள்ளானும் குளிர்காலத்தை இங்கே கழிக்கின்றன. பூநாரையும் வருகிறது.

இங்கே சிக்கலே பரப்பளவுதான். எல்லாம் வெகுதூரம். பூநாரைக் கூட்டம் அடிவானத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். அதை நோக்கிச் சேற்றில் நடப்பது வீண், ஆபத்தும்கூட. இரண்டு வழி உண்டு.

ஒன்று, சிறிய பறவைக்கு மாறுவது. உப்பளப் பாத்திகளின் ஓரம் நெடுங்கால் உள்ளான், உப்புக்கொத்தி, கொசு உள்ளான் எல்லாம் மேயும். காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, புளியங்கொட்டைப் பையை வைத்து எடுங்கள். காருக்குப் பறவை பயப்படாது, கதவைத் திறந்து இறங்கினால் ஓடிவிடும். உப்பளத்துக்குள் போவதற்கு அங்கே வேலை செய்பவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். பாத்தியில் கால் வைத்தால் அவர்களுடைய உழைப்பு கலங்கிப்போகும்.

இரண்டு, தூரத்தையே படமாக்குவது. இதற்கு மா. கிருஷ்ணனின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த இந்தத் தமிழ்நாட்டு இயற்கையியலாளர், பல பாகங்களைத் தாமே சேர்த்து அமைத்த கேமராவில் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். அந்தக் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய படங்களில் விலங்கு சட்டத்தை முட்டிக்கொண்டு நிற்பதில்லை. மரமும் புல்லும் பாறையுமாக அது வாழும் இடத்தோடு நிற்கிறது. 2006இல் வந்த 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற தொகுப்பில் அவற்றைப் பார்க்கலாம். கழுவேலியில் அப்படி எடுங்கள். ஜூமைப் பின்னிழுத்து, பனைமர வரிசை, உப்புக் குவியல், மீன்பிடிப்பவர், அவற்றுக்கு நடுவே நாரைக் கூட்டம். இன்னும் சில வருடங்களில் அந்த இடம் எப்படி மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பறவையின் முகத்தை மட்டும் காட்டும் படத்தை எந்த நாட்டிலும் எடுக்கலாம், கழுவேலியைக் காட்டும் படத்தை நீங்கள்தான் எடுக்க முடியும்.

குறிப்பு: உப்புக்காற்று லென்ஸுக்கு எதிரி. கடற்கரைப் பக்கம் லென்ஸ் மாற்றாதீர்கள். வீடு வந்ததும் சற்றே ஈரமான மெல்லிய துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள்.

செஞ்சிப் பக்கம் போனால் பாறைக்குன்றுகளில் பருந்தும் குரங்கும் கிடைக்கும். குரங்குக்குத் தின்பண்டம் கொடுத்து வரவழைத்து எடுக்காதீர்கள். பை பறிபோகும், குரங்கும் கெட்டுப்போகும். வேடந்தாங்கல் திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கூடு கட்டும் பறவைகளைத் தொந்தரவில்லாமல் கரைமேலிருந்தே எடுக்க அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. கரையை விட்டு இறங்கக் கூடாத இடமும் அதுதான்.

பறவைக்குப் பாதுகாப்பு

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

கைதட்டியோ கல்லெறிந்தோ கூட்டத்தைப் பறக்கவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த வாத்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கே மேய்ந்துதான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை அது பதறி எழும்போதும் சேர்த்ததில் ஒரு பங்கு போகிறது.

கூட்டை நெருங்காதீர்கள். தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு எதிரே மறைக்கும் ஓலையை வெட்டாதீர்கள், அந்த ஓலைதான் காக்கையிடமிருந்து அதை மறைக்கிறது. ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டே வட்டமிட்டால் காலடியில் எங்கோ முட்டை இருக்கிறது, வந்த வழியே திரும்புங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள் வருகிறது. கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள்.

சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். போகுமுன் வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். அனுமதியில்லாமல் டிரோன் கூடவே கூடாது. மாசி வாக்கில் மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். அதைப் பார்க்க நேர்ந்தால் ஃபிளாஷும் டார்ச்சும் அடிக்காதீர்கள்.

உங்களுக்குப் பாதுகாப்பு

1. கேமராவில் கண் வைத்தபடி ஓர் அடிகூட நகராதீர்கள். இந்தப் பக்கத்து நிலங்களில் கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறுகள் நிறைய. புதர் மூடியிருக்கும். படம் எடுப்பது ஒரு வேலை, நடப்பது இன்னொரு வேலை.
2. ஏரிக்குள் முழங்காலுக்குமேல் இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும்.
3. கணுக்கால் மூடும், அடி தடித்த ஷூ. சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துவிடும். படுக்குமுன் அந்த இடத்தைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி விரியன் வரப்பிலும் கரைப் புல்லிலும் இருக்கும், மிதிபடும்வரை நகராது. இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது.
4. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108க்கு அழையுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், இரண்டில் அருகில் உள்ளதற்கு உடனே போய்ச் சேருங்கள்.
5. ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் கரையை விட்டு இறங்கி வண்டிக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள். திறந்த வெளியில் உயரமாக இருப்பவர் நீங்கள்தான்.
6. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நான்குவழிச் சாலையிலும் பறவையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தாதீர்கள். பக்கச் சாலையில் திருப்பி நிறுத்திவிட்டு வாருங்கள்.
7. தனியாகப் போவதானால் எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

முதலில் கழியுங்கள். கண் கூர்மையாக இல்லாதது, தலை திரும்பிக்கொண்டது, உறுப்பு வெட்டுப்பட்டது, இந்த வரிசையில் நீக்கினால் முந்நூறு படத்தில் பத்துதான் மிஞ்சும். பத்து கிடைத்தால் அது நல்ல காலை.

மிஞ்சியவற்றில் திருத்தம் இந்த வரிசையில்: தண்ணீர்க்கோட்டைச் சமமாக்குதல், ஓரம் வெட்டுதல், வெள்ளையை இறக்குதல், நிழலைச் சற்றே ஏற்றுதல், கடைசியாகக் கூர்மை. கணினியில் 'டார்க்டேபிள்', செல்போனில் 'ஸ்னாப்சீட்', இரண்டும் இலவசம். நிறத்தை ஏற்றாதீர்கள். பனங்காடையின் நீலத்துக்கு உங்கள் உதவி தேவையில்லை. ஓரம் வெட்டும்போது பாதிக்குமேல் வெட்ட வேண்டியிருந்தால், அடுத்த முறை இன்னும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று பொருள்.

ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தேதி, ஏரி, பறவை மூன்றையும் எழுதுங்கள். பறவையின் பெயர் தெரியாவிட்டால் காலும் அலகும் தெரியும் ஒரு படத்தைத் தனியே வையுங்கள், அடையாளம் காண அவை இரண்டும் உதவும். அன்று பார்த்த பறவைகளின் பட்டியலை 'இ-பேர்ட்' செயலியில் ஏற்றுங்கள். 2015இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், காணும் பொங்கலன்று உங்கள் ஏரியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினால்கூடச் சேர்ந்துகொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ ஏரிகள் இருக்கின்றன, எண்ணுவதற்கு ஆட்கள் குறைவு.